எண்ணெய்க் கிண்ணத்தை நம்பி ஏழு மாதம்

படகுப் பட்டறை ஒன்றைக் காலி செய்தபோது, பழைய கயிற்றுக் குவியலுக்கு அடியில் கிடந்தது அந்த இன்ஜின். ஒற்றை சிலிண்டர். முன்னால் ஒரே ஒரு கனமான ப்ளைவீல் சக்கரம். மேலே பச்சை, அதற்குக் கீழே சாம்பல், அதற்கும் கீழே ஏதோ ஒரு சிவப்பு என்று பெயின்ட் தோல் தோலாக உரிந்துகொண்டிருந்தது. நேம் பிளேட் இருந்த இடத்தில் நான்கு ரிவெட் ஓட்டைகள் மட்டும். "பழைய இரும்புக்குத்தான் போடப் போறோம், வேணும்னா எடுத்துக்கோங்க" என்றார்கள். நான்கு பேர் பிடித்துத் தூக்கி வண்டியில் ஏற்றினோம். அன்று ராத்திரியே டார்ச் அடித்துப் பார்த்ததில், சிலிண்டர் பக்கத்தில் இருந்த பித்தளை எண்ணெய்க் கிண்ணத்தில் ஒரு பெயர் தெளிவாகத் தெரிந்தது: லங்கன்ஹைமர், சின்சினாட்டி.

எனக்குத் தலைகால் புரியவில்லை. போதாததற்கு, இன்ஜினின் அடிப்பெட்டியான கிராங்க் கேஸின் பக்கவாட்டில் வார்ப்போடு வார்ப்பாக மேடான எழுத்துகளும் இருந்தன. பெயின்டும் துருவும் மூடியதில் முதல் மூன்று எழுத்து மட்டும் கையில் தட்டுப்பட்டது: எல், யூ, என். கிண்ணத்திலும் அதே மூன்று, உடம்பிலும் அதே மூன்று. வேறென்ன சாட்சி வேண்டும்? பெயர் கிடைத்துவிட்டது, இனி மாடலும் வருடமும்தான் பாக்கி என்று நினைத்தேன்.

அடுத்த ஏழு மாதம் லங்கன்ஹைமர் படகு இன்ஜினைத் தேடினேன். வால்வு கிடைத்தது, நீராவி விசில் கிடைத்தது, எண்ணெய்க் கிண்ணம் விதவிதமாகக் கிடைத்தது, கிரீஸ் கப் கிடைத்தது. இன்ஜின் மட்டும் கிடைக்கவில்லை. கிடைக்காததையும் நான் எனக்குச் சாதகமாகவே எடுத்துக்கொண்டேன். 'ரொம்ப அபூர்வமான இன்ஜின் போலிருக்கிறது' என்று நாலு பேரிடம் சொல்லிக்கூட வைத்தேன்.

கப்பல் இன்ஜின் அறையில் ஃபிட்டராக ஆயுசில் பாதியைக் கழித்தவர் ஒருவர் எனக்குப் பழக்கம். ஒருநாள் இன்ஜினைப் பார்க்க வந்தார். நான் ஆர்வமாக எண்ணெய்க் கிண்ணத்தைக் காட்டினேன்.

"தம்பி, உன் சட்டை பட்டன்ல ஒரு பேர் போட்டிருந்தா, அதான் உன் பேரா?"

"இல்லைண்ணே, உடம்புலயும் அதே எழுத்து இருக்கு."

"எத்தனை எழுத்து?"

"மூணு."

"மூணு எழுத்தை வச்சு ஒருத்தன் வம்சத்தையே எழுதிட்டியா? பேரை விடு. உடம்பைப் படி."

அந்தச் சின்சினாட்டிக் கம்பெனி நீராவி இன்ஜினுக்கும் பெட்ரோல் இன்ஜினுக்கும் பித்தளைச் சாமான்கள் செய்து விற்றது. எந்த இன்ஜின் தயாரிப்பாளரும் வாங்கிப் பொருத்தலாம். பித்தளை துருப்பிடிக்காது, எழுத்தும் அழியாது. இரும்பு துருப்பிடிக்கும், எழுத்து போய்விடும். அதனால் பழைய இன்ஜினில் நம் கண்ணில் முதலில் படும் பெயர் பெரும்பாலும் உதிரிப் பாகக்காரர் பெயராகவே இருக்கும். ஷெப்லர் என்று இருந்தால் அது கார்புரேட்டர். டெட்ராய்ட் லூப்ரிகேட்டர் என்று இருந்தால் எண்ணெய் சொட்டவிடும் கருவி. பாஷ் என்று இருந்தால் பொறிக்கு மின்சாரம் தரும் மேக்னட்டோ. பாரகன் என்று இருந்தால் ரிவர்ஸ் கியர். இந்தப் பட்டியல் அன்று என் கையில் இருந்திருந்தால் ஏழு மாதம் மிச்சம்.

அண்ணன் பார்த்த வரிசை வேறு. முதலில் அவர் கேட்டது, இது படகு இன்ஜின்தானா என்று. பட்டறையில் கிடந்தது என்பதற்காகப் படகு இன்ஜின் ஆகிவிடாது. அதே காலத்தில் தண்ணீர் இறைக்கவும் மரம் அறுக்கவும் ஓடிய நிலத்து இன்ஜின்களும் ஒற்றை சிலிண்டர்தான். ஆனால் அவற்றில் பெரும்பாலும் இரண்டு பக்கமும் பெரிய ப்ளைவீல் இருக்கும், சிலிண்டர் படுத்திருக்கும், மேலே தண்ணீர் ஊற்றிவைக்கத் திறந்த தொட்டி இருக்கும். படகில் இதெல்லாம் சரிப்படாது. சிலிண்டர் நிமிர்ந்து நிற்கும். ப்ளைவீல் ஒன்றுதான், அதுவும் முன்பக்கம். பின்பக்கம் ப்ரொபெல்லர் தண்டைப் பிடிக்கும் கப்ளிங். இன்ஜின் உட்காரும் காதுகள் அடியில் இருக்காது. படகின் நீளவாட்டுக் கட்டைகள் மேல் உட்காரும்படி, ஏறத்தாழ கிராங்க் தண்டின் உயரத்திலேயே பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும். கடல் தண்ணீரை இழுத்து சிலிண்டரைச் சுற்றி அனுப்ப, தண்டில் மையம் விலகி மாட்டிய எக்சென்ட்ரிக் வட்டால் மேலும் கீழும் ஓடும் சின்ன பிளஞ்சர் பம்ப். என்னுடையதில் எல்லாமே இருந்தன. ப்ளைவீல் விளிம்பில் உள்ளே அமுங்கி வெளியே நீளும் கைப்பிடிக் குச்சிகூட இருந்தது. அதைப் பிடித்து கம்ப்ரெஷனுக்கு எதிராக ஆட்டிவிட்டுத்தான் இந்த மாதிரி இன்ஜினை ஸ்டார்ட் செய்வார்கள். படகு இன்ஜின், சந்தேகமில்லை.

அடுத்தது டூ ஸ்ட்ரோக்கா, ஃபோர் ஸ்ட்ரோக்கா? வால்வு இல்லை, கேம் தண்டு இல்லை, புஷ் ராடு மாதிரி ஒரே ஒரு கம்பி மட்டும் மேலே போகிறது. சிலிண்டரின் ஒரு பக்கத்தில் கன்னம் வீங்கின மாதிரி ஒரு மேடு. கிராங்க் கேஸில் அமுங்கிய பெட்ரோல்-காற்றுக் கலவை மேலே ஏறும் வழி அது. ஆக, டூ ஸ்ட்ரோக். கிராங்க் கேஸையே பம்பாகப் பயன்படுத்தும் இந்த அமைப்பு 1890-களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் ஜோசப் டே பெற்ற காப்புரிமைகளிலிருந்து பரவியது. அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம் போன பிறகு, சின்னப் படகுகளுக்கு இதைச் செய்து விற்க ஆரம்பித்த பட்டறைகள் ஏராளம். பால்மர், லேத்ராப், ஃபெரோ, ஹப்பர்ட், அகேடியா என்று தெரிந்த பெயர்களே ஒரு டஜன் தேறும். டூ ஸ்ட்ரோக் என்று தெரிந்ததும் தேடல் சுருங்கிவிடும் என்று நினைத்தேன். அது இன்னும் அகலமாகத்தான் போனது.

இதில் இன்னொரு பிரிவு உண்டு, கலவை எங்கே நுழைகிறது என்பதை வைத்து. கார்புரேட்டரோ மிக்ஸிங் வால்வோ நேராக கிராங்க் கேஸில் மாட்டியிருந்து, நடுவில் ஒருவழி வால்வு இருந்தால் அது இரண்டு போர்ட் வகை. சிலிண்டரின் அடிப்பகுதியில் மாட்டியிருந்து, பிஸ்டனின் பாவாடை மேலே ஏறும்போது துளை திறந்தால் மூன்று போர்ட் வகை. கழற்றாமலே வெளியிலிருந்து பார்த்துச் சொல்லிவிடலாம். யாரிடமாவது விசாரிக்கும்போது இந்த ஒரு தகவலைச் சேர்த்துச் சொன்னால், எதிரில் இருப்பவர் நம்மைக் கொஞ்சம் மதித்துப் பேசுவார். அனுபவத்தில் சொல்கிறேன்.

அந்த ஒற்றைக் கம்பி எதற்கு என்பதுதான் எனக்கு நிஜமாகவே பிடித்த இடம். என் இன்ஜினில் ஸ்பார்க் ப்ளக் இல்லை. அதற்குப் பதிலாக சிலிண்டரில் இக்னைட்டர் என்ற ஒரு தட்டு போல்ட் செய்யப்பட்டிருந்தது. தட்டின் உள்பக்கம் இரண்டு முனைகள், ஒன்று அசையாதது, ஒன்று அசைவது. கீழிருந்து வரும் கம்பி அசையும் முனையைத் தட்ட, இரண்டும் சேர்ந்து, பிறகு சட்டென்று பிரியும். பிரியும் அந்தக் கணத்தில் பொறி பறக்கும். ஒரு பேட்டரி, ஒரு குறைந்த அழுத்தச் சுருள், அவ்வளவுதான் மின்சாமான். மேக் அண்ட் பிரேக் என்பது இதன் பெயர். உப்புக் காற்றில், அலை தெறிக்கும் திறந்த படகில் உயர் அழுத்த மின்சாரம் ஈரத்தில் கசிந்து ஸ்பார்க் ப்ளக் செத்துப்போகும். இது சாகாது. அதனால்தான் வட அட்லாண்டிக் மீனவர்கள் இதை அவ்வளவு காலம் விடாமல் வைத்திருந்தார்கள். இன்னொரு வசதியும் உண்டு. சுவிட்சை அணைத்து, ப்ளைவீல் நிற்கப்போகும் நேரத்தில் சரியாக மறுபடி போட்டால், பொறி முன்னதாக வெடித்து இன்ஜின் எதிர்ப்பக்கம் சுற்ற ஆரம்பிக்கும். ரிவர்ஸ் கியரே வேண்டாம். கை பழகினவர்கள் படகுத்துறையில் இதைச் செய்து காட்டினால் வித்தை மாதிரி இருக்கும்.

அந்தத் தட்டைக் கழற்றும்போதுதான் நான் ஒரு தப்பு செய்தேன். அசையாத முனையை இரும்பு உடம்பிலிருந்து பிரித்து வைப்பது மைக்கா வளையங்கள். காகிதம் காகிதமாக அடுக்கியிருக்கும், நூறு வருடச் சூட்டில் மொறமொறவென்று ஆகியிருக்கும். நட்டு இறுகியிருக்கிறது என்று ஸ்பானரில் ஒரு தட்டுத் தட்டினேன். பொடியாக உதிர்ந்தது. கழற்றும் முன் அந்த அடுக்கின் மொத்தத் தடிமனை அளந்து வைத்திருந்தால் புதிதாகச் செய்வது சுலபம். அளக்கவில்லை. பிறகு ஊகித்து ஊகித்து மூன்று முறை செய்ய வேண்டியதாயிற்று.

சரி, அளவுக்கு வருவோம். பழைய விற்பனைப் பட்டியல்களில் இன்ஜினைத் தேட வேண்டுமென்றால் குதிரைத்திறன் உதவாது. அதை ஆளுக்கு ஆள் தோன்றினபடி எழுதினார்கள். போரும் (சிலிண்டரின் உள்விட்டம்) ஸ்ட்ரோக்கும் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) தான் கைரேகை. ஸ்ட்ரோக் அளப்பது சுலபம் என்று நினைத்து, இக்னைட்டர் தட்டு இருந்த ஓட்டை வழியாக ஒரு மரக்குச்சியை விட்டு, பிஸ்டன் மேலே இருக்கும்போது ஒரு கோடு, கீழே இருக்கும்போது ஒரு கோடு போட்டேன். இரண்டு முறை அளந்தேன், இரண்டும் வேறு வேறு. 7 மில்லிமீட்டர் வித்தியாசம். அண்ணனிடம் சொன்னபோது சிரித்தார். "பிஸ்டன் தலை தட்டையா இருக்கும்னு யார் சொன்னா?" இந்தக் காலத்து டூ ஸ்ட்ரோக் பிஸ்டனின் தலையில் ஒரு மேடு இருக்கும். உள்ளே வரும் புதுக் கலவை நேராக எக்சாஸ்ட் துளைக்கு ஓடிவிடாமல் மேலே திருப்பிவிடும் தடுப்பு அது. என் குச்சி ஒருமுறை மேட்டின் மேலும், மறுமுறை சரிவிலும் உட்கார்ந்திருக்கிறது. ஓட்டை நேர் மேலே இல்லாமல் பக்கவாட்டில் இருந்தால் குச்சி சாய்ந்தும் கணக்கு கெடும். பிஸ்டன் துருப்பிடித்து அசையவே இல்லையென்றால், கிராங்க் கேஸின் கை நுழையும் மூடியைத் திறந்து, தண்டின் மையத்திலிருந்து கிராங்க் பின்னின் மையம் வரை அளந்து இரண்டால் பெருக்கினால் போதும், அதுதான் ஸ்ட்ரோக். முதலிலேயே இதைச் செய்திருக்கலாம்.

போரை வெளியிலிருந்து ஊகிக்கவே கூடாது. சிலிண்டர் சுவருக்கும் வெளிச் சுவருக்கும் நடுவில் தண்ணீர் ஓடும் இடம் இருக்கிறது, அதனால் வெளித் தோற்றம் ஏமாற்றும். சிலிண்டரைத் தூக்கிய பிறகு, பிஸ்டன் வளையம் உரசாத அடிப்பகுதியில் அளந்தால் பழைய அசல் அளவு கிடைக்கும். மேலே அளந்தால் தேய்மானமும் சேர்ந்து வரும்.

அளந்த எண்ணை மில்லிமீட்டரிலும் அங்குலத்திலும் எழுதிப் பாருங்கள். எதில் முழுதாக வந்து உட்காருகிறது? 101.6 என்று வந்தால் அது 4 அங்குலம். 114.3 என்றால் நாலரை. 127 என்றால் 5. மாறாக 100, 110, 120 என்று வந்தால் மெட்ரிக் நாட்டு இன்ஜின். என்னுடையது அங்குலத்தில் போய் உட்கார்ந்தது. ஐரோப்பாவின் பெரும்பகுதி ஒரே மூச்சில் வெளியே போனது.

மிச்சமிருந்தது பிரிட்டனும் வட அமெரிக்காவும். இந்த இரண்டையும் பிரிக்க அண்ணன் காட்டின வழிதான் இன்றுவரை நான் முதலில் செய்யும் சோதனை. அரை அங்குல போல்ட் ஒன்றைக் கழற்றி, ஓர் அங்குல நீளத்தில் எத்தனை மரை என்று எண்ண வேண்டும். பிரிட்டனின் விட்வொர்த் மரை என்றால் 12. அமெரிக்க மரை என்றால் 13. மற்ற அளவுகளில் இரண்டும் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும். கால் அங்குலத்தில் இரண்டிலும் 20, முக்கால் அங்குலத்தில் இரண்டிலும் 10. அதனால் கைக்கு வந்த போல்டை எண்ணினால் குழப்பம்தான் மிஞ்சும், அரை அங்குலத்தைத் தேடிப் பிடிக்க வேண்டும். மரையின் கோணமும் வேறு: விட்வொர்த் 55 டிகிரி, அமெரிக்க மரை 60 டிகிரி. மரை அளக்கும் த்ரெட் கேஜை வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் இடுக்கு தெரியும். 1948-ல் பிரிட்டனும் அமெரிக்காவும் கனடாவும் உட்கார்ந்து பேசி ஒரே மரைக்கு ஒப்புக்கொள்ளும் வரை இந்த வேறுபாடு சட்டமாக நின்றது. ஒரே ஒரு எச்சரிக்கை. நட்டு, போல்ட்டை யாராவது பின்னாளில் மாற்றியிருக்கலாம். அதனால் வார்ப்புக்குள் வெட்டிய மரையை நம்புங்கள், அதில் சும்மா திருகி நிற்கும் போல்டை நம்பாதீர்கள்.

என் இன்ஜினின் கிராங்க் கேஸில் வெட்டியிருந்தது 13. அமெரிக்க மரை. 'பார்த்தீங்களாண்ணே, சின்சினாட்டி அமெரிக்காவுலதானே இருக்கு' என்று எனக்கு மறுபடி ஆசை துளிர்த்தது. அவர் பதில் பேசாமல் கிராங்க் கேஸ் எழுத்துகளைக் கை காட்டினார். "அதைச் சுத்தம் பண்ணு. ஆனா வயர் பிரஷ் வச்ச, உன்னோட பேச மாட்டேன்."

அவர் அப்படிச் சொன்னதற்குக் காரணம் உண்டு. அதற்கு முன்பே நான் வேறொரு இன்ஜினின் பித்தளைத் தகட்டை மெஷினில் மாட்டிய வயர் பிரஷ்ஷால் பளபளவென்று ஆக்கி, பஞ்ச் கருவியால் அடித்த சீரியல் எண்ணின் கடைசி இரண்டு இலக்கத்தைத் தேய்த்துத் தொலைத்திருந்தேன். கண்ணாடி மாதிரி மின்னியது. எண் இல்லை.

இந்த முறை பெயின்ட் ரிமூவரைத் தடவி, ஊறவிட்டு, மரச்சீவலால் சுரண்டினேன். ஒவ்வொரு நிறமும் வேறு வேறு நேரத்தில் கழன்றது. (பழைய பெயின்டில் ஈயம் இருக்கும். உலரச் சுரண்டித் தூசியைச் சுவாசிக்காதீர்கள்.) பிறகு அறையை இருட்டாக்கி, டார்ச்சை எழுத்துகளுக்கு நேரே பிடிக்காமல் இரும்பின் மேல் படுக்கவைத்து அடித்தேன். நேர் வெளிச்சத்தில் சும்மா சொரசொரப்பாகத் தெரிந்த இடத்தில் நிழல்கள் எழுந்தன. சாக்பீஸைப் படுக்கவைத்து மேலோட்டமாகத் தேய்த்ததும் மேடுகள் மட்டும் வெளுத்தன. முதலில் அதே எல், யூ, என். அப்புறம் துரு தின்ற ஒரு இடைவெளி. பிறகு கடைசியில் இரண்டு எழுத்து, டீயும் டியும். அதற்கும் கீழே தனியாக ஒரு என், ஒரு எஸ்.

முதலில் அந்த டீயையும் டியையும் பாக எண்ணின் மிச்சம் என்று நினைத்தேன். அண்ணன்தான் விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "முன்னாடி ஒரு எல் இருக்கு பாரு, அடிக்கோடு மட்டும் மிச்சம் இருக்கு" என்றார். லிமிடெட் என்பதன் சுருக்கம்! அமெரிக்கக் கம்பெனிகள் பெயருக்குப் பின்னால் பெரும்பாலும் 'கம்பெனி' என்றோ 'இன்க்' என்றோதான் போட்டுக்கொள்ளும். லிமிடெட் என்பது பிரிட்டிஷ் கம்பெனிச் சட்டத்தின் வழி வந்த வழக்கம். பெயர் பிரிட்டிஷ் பாணி, மரை அமெரிக்கப் பாணி. ஒன்று பொய்யாக இருக்க வேண்டும் என்று நான் ராத்திரி முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன். இரண்டும் உண்மையாக இருக்கக்கூடிய ஒரு நாடு இருக்கிறது என்பது காலையில் பல் தேய்க்கும்போதுதான் உறைத்தது. கனடா. என், எஸ் என்றால் நோவா ஸ்கோஷியா. அந்த மாகாணத்தில் எல், யூ, என் என்று தொடங்கும், இன்ஜின் வார்த்த ஊர் ஒன்றுதான்: லூனன்பர்க்.

லூனன்பர்க் ஃபவுண்டரி அங்கே அட்லாண்டிக் என்ற பெயரில் மேக் அண்ட் பிரேக் இன்ஜின்களைச் செய்தது. 1921-ல் கடலில் இறங்கிய புளூநோஸ் பாய்மரக் கப்பல் கட்டப்பட்டதும் அதே ஊரில்தான். பெயர் தெரிந்த பிறகு அந்த வகை இன்ஜின்களின் படங்களைத் தேடி என்னுடையதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, சிலிண்டர் கன்னத்தின் வீக்கம் முதல் காதுகளின் வளைவு வரை பொருந்தியது. லங்கன்ஹைமரும் லூனன்பர்க்கும் ஒரே மூன்று எழுத்தில் தொடங்கியது என் நேரம்.

வருடம்? இங்கேதான் நிறைய பேர் சறுக்குவார்கள். இந்த மேக் அண்ட் பிரேக் இன்ஜின்கள் பல பத்தாண்டுகள் பெரிய மாற்றமில்லாமல் வார்க்கப்பட்டன. பழைய தோற்றத்தைப் பார்த்து '1910 மாடல்' என்று சொல்லிவிட முடியாது, அது 1940-களில் செய்ததாகவும் இருக்கலாம். பித்தளைச் சாமான்களில் உள்ள காப்புரிமைத் தேதி கொஞ்சம் உதவும், ஆனால் ஒரு பக்கம்தான் உதவும். இந்த வருடத்துக்கு முன்னால் அல்ல என்று மட்டும் சொல்லும். எவ்வளவு பின்னால் என்று சொல்லாது. தேதி இல்லாமல் அமெரிக்கக் காப்புரிமை எண் மட்டும் இருந்தாலும் வருடத்தைப் பிடிக்கலாம். 1900-ம் ஆண்டு 6,40,167-ல் தொடங்கியது, 1910 தொடங்கும்போது 9,45,010, 1920-ல் 13,26,899. பத்து லட்சமாவது காப்புரிமை 1911 ஆகஸ்டில்.

தேதி பாதி அழிந்திருந்தால் ஒரு வேடிக்கையான வழி இருக்கிறது. அமெரிக்கக் காப்புரிமைகளை வழங்கும் நாள் செவ்வாய்க்கிழமை. 'மே 1' என்று தெரிந்து அடுத்த இலக்கம் அழிந்து, வருடம் 1904 என்று இருந்தால், அந்த மாதத்துச் செவ்வாய்கள் 3, 10, 17, 24, 31. ஆக 10 அல்லது 17. இரண்டே இரண்டு நாளின் பட்டியலைப் பார்த்தால் போதும். எனக்கு இது தெரிந்த நாளில் வீட்டில் இருந்த பித்தளைச் சாமான் எல்லாவற்றையும் எடுத்துவைத்துக்கொண்டு காலண்டர் போட்டுப் பார்த்தேன்.

அதற்குப் பிறகு என்னிடம் வந்த நாலு சிலிண்டர் இன்ஜின் வேறு பாடம் சொல்லிக்கொடுத்தது. அதன் பின்பக்கம் பாரகன் என்று பெரிய தகடு. இந்த முறை ஏமாறவில்லை, அது ரிவர்ஸ் கியர் என்று ஒதுக்கிவிட்டேன். புகை வெளியேறும் குழாயான மேனிஃபோல்டில் கிரே மரைன் என்று இருந்தது. சரி, கிரே. ஆனால் இன்ஜினின் உடம்பான பிளாக்கின் வார்ப்பு எண்ணைத் தேடினால் எங்கெங்கோ போய் கான்டினென்டல் என்ற கம்பெனியில் நின்றது. குழம்பிப்போய் இரண்டு நாள் தலையைச் சொறிந்தேன். இரண்டுமே சரிதான். கிரே மரைன் தன் பல இன்ஜின்களுக்கு கான்டினென்டல் பிளாக்கை வாங்கி, தண்ணீர் ஓடும் எக்சாஸ்ட் மேனிஃபோல்ட், கடல் நீர் பம்ப், ரிவர்ஸ் கியர் எல்லாம் மாட்டி, தன் பெயரைப் போட்டு விற்றது. இப்படிக் கார், லாரி, டிராக்டர் இன்ஜினைப் படகுக்கு மாற்றி விற்றவர்கள் நிறைய. அதனால் இந்த மாதிரி இன்ஜினுக்கு இரண்டு அடையாளம் உண்டு, பெற்றவர் ஒருவர், வளர்த்தவர் ஒருவர். பிஸ்டன் வளையமும் பேரிங்கும் தேடும்போது பெற்றவர் பெயரைச் சொல்லிக் கேளுங்கள், மேனிஃபோல்டும் பம்பும் தேடும்போது வளர்த்தவர் பெயரை. நான் தலைகீழாகக் கேட்டு அலைந்திருக்கிறேன்.

மேடாக எழுந்திருக்கும் எண் வார்ப்பு எண், பள்ளமாகப் பஞ்ச் அடித்திருக்கும் எண் சீரியல் எண் என்பதையும் அப்போதுதான் கற்றேன். முதலாவது அச்சுக்கு உரியது, ஆயிரம் இன்ஜினில் ஒரே எண் இருக்கும். இரண்டாவது அந்த ஒரு இன்ஜினுக்கு மட்டும். வார்ப்பு எண்ணை சீரியல் எண் என்று நினைத்து மடல் எழுதிவிட்டுப் பதில் வராமல் காத்திருப்பவர்கள் என்னைப் போல எத்தனை பேரோ.

ஐரோப்பிய இன்ஜின்கள் என் கையில் அதிகம் வந்ததில்லை. ஆனால் தகடு மிச்சமிருந்தால் மொழி தெரியாமலே நாட்டைப் பிடிக்க ஒரு சின்ன வழி, குதிரைத்திறனை எப்படிச் சுருக்கியிருக்கிறார்கள் என்று பார்ப்பது. பி.எஸ். என்றால் ஜெர்மன். சி.வி. என்றால் பிரெஞ்சு, இத்தாலி அல்லது ஸ்பெயின். பி.கே. என்றால் டச்சு. ஹெச்.கே. என்றால் ஸ்காண்டிநேவியா. அதிலும் ஓ எழுத்தின் தலையில் இரண்டு புள்ளி இருந்தால் சுவீடன் பக்கம், ஓவின் குறுக்கே கோடு கிழித்திருந்தால் டென்மார்க் அல்லது நார்வே. சிலிண்டர் தலையில் ப்ளக்கும் இல்லாமல், இக்னைட்டரும் இல்லாமல், உருண்டையாக ஒரு இரும்புக் குமிழ் மட்டும் இருந்தால் அது ஹாட் பல்ப் இன்ஜின். அந்தக் குமிழை ப்ளோ லாம்பால் சூடாக்கித்தான் ஸ்டார்ட் செய்வார்கள். சுவீடனின் போலிண்டர் இந்த வகையில் பெரிய பெயர்.

யாரிடமாவது உதவி கேட்பதாக இருந்தால், தயவுசெய்து இன்ஜினின் அழகான முன்பக்கப் படத்தை மட்டும் அனுப்பாதீர்கள். எனக்கு இப்போது அப்படிப் படங்கள் வருகின்றன, பெரும்பாலும் ப்ளைவீலும் அதன் பின்னால் சிரிக்கும் முகமும்தான் தெரியும். இரண்டு பக்கவாட்டுப் படம், கலவை நுழையும் இடம், பொறி எழும் இடம், தண்ணீர் பம்ப், உட்காரும் காது, எழுத்தோ எண்ணோ உள்ள ஒவ்வொரு இடமும், அளவுகோலோடு. போரும் ஸ்ட்ரோக்கும் எண்ணில். அரை அங்குல மரையின் எண்ணிக்கை. இவ்வளவு இருந்தால் விவரம் தெரிந்தவர் பத்து நிமிடத்தில் பாதி வேலையை முடித்துவிடுவார். கழுவி பெயின்ட் அடித்துவிட்டுப் படம் எடுக்காதீர்கள். பம்புக்கு அடியிலும் தகட்டுக்கு அடியிலும் ஒளிந்திருக்கும் அசல் நிறமும் ஒரு சாட்சி.

என் லூனன்பர்க் இன்ஜினுக்குப் புது மைக்கா போட்டாயிற்று. பேட்டரி கொடுத்துக் கையால் முனையைத் தட்டினால் நீலமாகப் பொறி விழுகிறது. போன மாதம் ப்ளைவீலைக் கழற்றினேன். பல தயாரிப்பாளர்கள் ஒரே இன்ஜினின் முக்கியப் பாகங்களில் ஒரே எண்ணைப் பஞ்ச் அடிப்பார்கள் என்பதால், தண்டின் முனையையும் ப்ளைவீலின் நடுவையும் சாக்பீஸ் தேய்த்து டார்ச்சைப் படுக்கவைத்துப் பார்த்தேன். கனெக்டிங் ராடிலும் அதன் மூடியிலும் தண்டிலும் ஒரே எண். ப்ளைவீலில் வேறு எண், அதைத் தண்டோடு பூட்டும் சாவிப் பள்ளத்தில் ஒரு மெல்லிய தகட்டை வைத்து இறுக்கியிருக்கிறார்கள்.

அண்ணனுக்கு போன் செய்தேன். "அப்போ ப்ளைவீல் இதோடது இல்லையா?" என்றார். கொஞ்ச நேரம் பேச்சில்லை. "விளிம்புல ஏதாவது எழுத்து இருக்கா தம்பி?"

"ரெண்டு எழுத்து தெரியுதுண்ணே."

"சொல்லாத. முதல்ல அளந்துட்டு வா."